குரங்கு தின்ற சம்பந்தச் சாப்பாடு

குரங்கு முதலில் முட்டையைத்தான் எடுத்தது.

அருவிக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் விரித்த பாய். பாயின்மேல் என் மனைவி சரோஜா விடிவதற்கு முன்பே எழுந்து கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சாதப் பொட்டலங்கள். குரங்கு ஒன்றைப் பிரித்தது. சாதத்தை ஒதுக்கியது. சம்பலை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தது. பிறகு அவித்த முட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்த தாய்மாமன் மாதிரி நிதானமாகக் கடித்தது.

பாயின் இந்தப் பக்கம் நானும் சரோஜாவும். அந்தப் பக்கம் என் மகளைக் கட்டிக்கொள்ள விரும்பும் பையனின் அப்பாவும் அம்மாவும். நான்கு பேரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். விரட்ட யாருக்கும் கை வரவில்லை. யார் சாப்பாட்டை யார் முதலில் தொடுவது என்பதில்தான் அன்று தகராறே. அந்தத் தகராறில் சேராத ஒரே ஜீவன் அந்தக் குரங்குதான்.

மலைமேல் போய் யாராவது சம்பந்தம் பேசுவார்களா என்று கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

வரவேற்பறை வேண்டாமாம்

என் மகள் யோகேஸ்வரி, வீட்டில் யோகா, கிள்ளானில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளர். வயது முப்பத்திரண்டு. அரவிந்தனை அவளுக்கு மூன்று வருடமாகத் தெரியும். எங்களுக்கு மூன்று மாதமாகத்தான் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் பையன். யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா ரயில்வே, அப்பா அரசாங்க எஞ்சினியர், பையன் வங்கி.

எங்கள் வம்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா ரப்பர்த் தோட்டம். அப்பா அதே தோட்டம். நான் பண்டமாரானில் டிரைவிங் ஸ்கூல்காரன். கிள்ளானில் பாதி ஜனத்துக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். மீதிப் பாதி அவர்களுக்குப் பயந்துகொண்டு ரயிலில் போகிறது.

அரவிந்தன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை. யோகாவும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: அரவிந்தன் இல்லையென்றால் கல்யாணமே இல்லை. ஆக, என் மகளின் வாழ்க்கை முழுக்க ஓய்வு பெற்ற கனகசபை என்கிற ஒரே மனிதரின் தலையாட்டலில் நின்றது. ஓய்வு பெற்றவர் உட்கார்ந்தாவது இருந்திருக்கலாம். வாரா வாரம் மலை ஏறிக்கொண்டிருந்தார்.

“வீட்டில சோபாவில இருந்து கதைச்சா எல்லாரும் நல்ல ஆக்கள்தான், மிஸ்டர் மாணிக்கம்” என்றார் தொலைபேசியில். “மலை ஏறேக்கதான் ஆள் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு குடும்பமும் உலு லங்காட் பக்கம் வருவம். அருவி இருக்கு, உச்சி இருக்கு, நல்ல காத்து. வாங்கோ.”

நான் இத்தனை வருடமாக ஆளைத் தெரிந்துகொண்டது ரவுண்டபவுட்டில். அங்கே பத்து வினாடி போதும். அவருக்கு ஒரு மலையே தேவைப்படுகிறது. படித்தவர்.

சரோஜா கொதித்துப் போனாள். “பொண்ணு பாக்க வாங்கன்னா காட்டுக்கு வாங்கன்னு சொல்றாரு. பட்டுச் சேலை கட்டிக்கிட்டுக் கொடியப் புடிச்சித் தொங்கவா?”

“டிராக் சூட் போதும்லா, ம்மா” என்றாள் யோகா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “ப்பா, ஒரே ஒரு நாள். ஜோக் அடிக்காதீங்க. அவங்கப்பா சிரிக்க மாட்டாரு.”

“சிரிக்காத ஆளுக்கா பொண்ணு கொடுக்கறோம்?”

“அவருக்கு இல்லப்பா. அவர் மகனுக்கு.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அதற்குப் பிறகு மலை என்ன, அண்டார்டிகா என்றாலும் போயிருப்பேன்.

என் காலணியும் அவர் காலணியும்

கோவிட் முடிந்த பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிதாக ஒரு வியாதி பரவியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வீட்டில் இருப்பதில்லை. எல்லாரும் ஏதோ ஒரு குன்றின் தலையில் நின்று கட்டை விரலைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நேற்றுவரை லிஃப்ட் பழுதானால் முதல் மாடிக்குக்கூட ஏறாமல் நிர்வாகத்துக்கு ஃபோன் போட்டவர்கள் இன்றைக்கு இரண்டு கையிலும் குச்சி வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். இயற்கையை ரசிக்கிறார்களாம். இடுப்பில் கட்டிய ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு போட்டுக்கொண்டு.

என் மலை அனுபவம் பத்துமலைப் படிக்கட்டு மட்டும். அதுவும் வருடத்துக்கு ஒரு முறை, முருகன் மேல் பாரத்தைப் போட்டு. தொழிலிலும் எனக்குக் கால் வேலை கிடையாது. இடது சீட்டில் உட்கார்ந்து, உபரியாக வைத்த பிரேக்கை வலது காலால் மிதிப்பதுதான் முப்பது வருடத் தேகப்பயிற்சி. என் வலது கெண்டைக்கால் பயில்வானுக்கு உரியது. இடது கால் குமாஸ்தாவுக்கு உரியது.

ஆகவே கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய மலைக் காலணியாக வாங்கினேன். கணுக்கால்வரை ஏறும். அடியில் பல் பல்லாக இருக்கும். போட்டுக்கொண்டு நடந்தால் நிலாவில் இறங்கியவன் மாதிரி இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் பார்த்தால் ‘இவன் சாதாரண ஆள் இல்லை’ என்று நினைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

மலையடிவாரத்தில் டுரியான் மரத்துக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். கனகசபை வந்து கை கொடுத்தார். ஒல்லி. உயரம். தலைமுடி முழுக்க வெள்ளை, ஒரு முடிகூட இடம் மாறவில்லை. காலைப் பார்த்தேன்.

கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. தோட்டத்தில் மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்கப் போகிறவர்கள் போடுவார்களே, அதேதான். என் அப்பா ஆயுசு முழுக்கப் போட்டது. வீட்டுக்குள் கொண்டுவராதே என்று அம்மா திட்டியது.

“மலைக்கு இதுதான் பெஸ்ட், மிஸ்டர் மாணிக்கம்” என்றார் அவர் என் காலைப் பார்த்துக்கொண்டே. “வழுக்காது, அட்டை ஏறாது. உங்கட சப்பாத்து பார்க்க நல்லாத்தான் இருக்கு.”

அந்த ‘பார்க்க’ என்ற சொல்லை அவர் கொஞ்சம் இழுத்தார்.

சித்தப்பாவும் கோழிக்குழம்பும்

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சம்பந்தம் பேசி முடிகிறவரை அந்த வீட்டுச் சாப்பாட்டைத் தொடக்கூடாது. காப்பி குடிக்கலாம். ஒரு பிஸ்கட் கடிக்கலாம். வயிறு நிறையும்படி எதையாவது சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்க முடியாது.

என் சித்தப்பாவின் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. பெண் பார்க்கக் கோலசிலாங்கூர் பக்கம் லோரியில் போயிருக்கிறார்கள். திரும்பும் நேரத்தில் லோரி கிளம்பவில்லை. மழை வேறு. பெண் வீட்டார் கோழிக்குழம்பு வைத்து இலை போட்டார்கள். பெரியவர்கள் எல்லாரும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா மட்டும் பசி தாங்காமல் இரண்டு முறை சோறு வாங்கிவிட்டார். அடுத்த மாதம் தாலி. “உங்க சித்தப்பாவ எனக்குக் கட்டி வச்சது உங்க தாத்தா இல்ல, எங்கம்மா வச்ச கோழிதான்” என்று சித்தி இன்றைக்கும் சொல்வார்.

அதனால், மலைக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் கேரி தீவிலிருந்து என் அக்கா ராஜாமணி ஃபோன் போட்டாள். “டேய், அவங்க வாயால சரின்னு சொல்ற வரைக்கும் அவங்க சாப்பாட்டத் தொட்டுடாத. அப்புறம் நாமதான் பறந்துக்கிட்டு நிக்கறோம்னு நெனச்சிக்குவாங்க. சரோஜாவ நிறையச் சமைக்கச் சொல்லு. அவங்களச் சாப்பிட வைங்க. அவங்க சாப்பிட்டுட்டா முடிஞ்சிது.”

அக்கா ராணுவத்தில் இருந்திருக்க வேண்டியவள்.

அதனால்தான் நாசி லெமாக், ஆளுக்கு இரண்டு. அதனால்தான் அன்று காலை நான் சர்க்கரை வியாதி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, சீனி இல்லாத தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். “அருவில எல்லாரும் சேந்து சாப்பிட்டுக்கலாம்” என்றாள் சரோஜா. மாத்திரை கொடுத்துவிட்டுச் சாப்பாடு கொடுக்காமல் விட்ட மருத்துவம் அதுதான்.

பழைய மாணவி

பாதை ஆரம்பத்தில் நல்லவன் மாதிரி நடித்தது. மூங்கில், ஓடை, மரப்பாலம். யோகாவும் அரவிந்தனும் முன்னால். அரவிந்தன் ஒவ்வொரு வழுக்குப் பாறைக்கும் திரும்பிப் பார்த்து, “அங்கிள், இங்க கவனம்” என்று சொல்லிக்கொண்டே போனான். நல்ல பையன். அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அவனும் சிரிக்கக் கொஞ்சம் யோசித்தான்.

பிறகு ஏற்றம் வந்தது. மர வேர்கள் படிக்கட்டு மாதிரி, கட்டியவன் குடித்திருந்த படிக்கட்டு மாதிரி. நான் ஒவ்வொரு வளைவிலும் நின்று செடி கொடிகளை ஆராய்ந்தேன். அந்தக் காட்டில் நான் உற்றுப் பார்க்காத இலையே கிடையாது.

“தாவரங்களில ஆர்வமோ?” என்றார் கனகசபை.

“ரொம்ப, சார்.”

அவர் என்னைவிட நான்கைந்து வயதுதான் பெரியவர். அண்ணே என்று கூப்பிட்டிருக்கலாம். அந்தத் தலைமுடியைப் பார்த்ததும் வாய் தானாக சார் என்றது.

மேலேயிருந்து இறங்கி வந்த கூட்டத்தில் ஒரு பெண் சடாரென்று நின்றாள். “அட, மாணிக்கம் சார்! என்னத் தெரியுதா? உங்ககிட்டதான் லைசென்ஸ் எடுத்தேன். மூணு தடவ ஃபெயிலு!”

“நாலாவது தடவ பாஸ் ஆனியேம்மா” என்றேன், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி.

“அது வேற ஸ்கூல்ல சார்!” என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாக இறங்கிப் போனாள்.

கனகசபை இறங்கிப் போகிறவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குறித்துக்கொண்டார் என்று தெரிந்தது.

அருவியில் ஒரு போர்

அருவிச் சத்தம் முதலில் காதுக்கு வந்தது. பிறகு குளிர்ச்சி முகத்துக்கு வந்தது. கறுப்புப் பாறையிலிருந்து தண்ணீர் வெள்ளையாக விழுந்து, கீழே ஒரு குளமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அழகைப் பற்றி எழுத எனக்கு வராது. வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

“நீங்க நாலு பேரும் இருந்து பேசுங்க. நாங்க உச்சியில வெயிட் பண்றோம்” என்று சொல்லிவிட்டு யோகாவும் அரவிந்தனும் நழுவினார்கள். போகும்போது யோகா என் தோளைத் தொட்டாள். விரல் ஐஸ் மாதிரி இருந்தது. அருவிக் குளிர் இல்லை அது.

அப்புறம் போர் ஆரம்பித்தது.

சரோஜா பாயை விரித்துப் பொட்டலங்களை அடுக்கினாள். அதே நேரத்தில் மிசஸ் கனகசபையும், பெயர் புவனேஸ்வரி, மெல்லிய குரல், தங்கக் கண்ணாடி, கணவரின் பையிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்தார்.

“சாப்பிடுங்க அக்கா. சூடா கட்டுனது” என்றாள் சரோஜா.

“நீங்கள் முதல்ல எங்கட பயத்தம் உருண்டையை எடுங்கோ. நான் என்ர கையால பிடிச்சது.”

“அய்யோ, மொதல்ல நீங்க.”

“இல்லை இல்லை, நீங்கள்தான் விருந்தாளி.”

“காட்டுல யாருக்கா விருந்தாளி?”

பொட்டலம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். டப்பா அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். நடுவில் மோதிக்கொண்டு திரும்பிப் போகும். இரண்டு பெண்களின் முகத்திலும் சிரிப்பு; கண்ணில் சிரிப்பு இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தப் பக்கமும் இதே சட்டம். அந்தப் பக்கமும் ஒரு ராஜாமணி அக்கா ஃபோன் போட்டிருக்கிறாள்.

சரோஜா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, முட்டை தெரியும்படி, புவனேஸ்வரி அம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். அந்த நேரம் பார்த்துதான் மரத்திலிருந்து இறங்கியது அது. தனியாக வரவில்லை. அப்பா, அம்மா, ஒன்றுவிட்ட சொந்தம் எல்லாரும். அவர்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை. புவனேஸ்வரி அம்மா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டதால் அது தப்பியது. எங்கள் பக்கத்தில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. கடைசிக் குரங்கு பையையே தூக்கிக்கொண்டு போனது.

விரதம்

“அடடா” என்றார் கனகசபை. அந்த மனிதருக்கு உண்மையாகவே வருத்தம். “இப்ப எங்கட சாப்பாட்டை எடுக்கத்தான் வேணும். வெக்கப்படாதீங்கோ.”

டப்பா திறந்து என் முன்னால் வந்தது. சரோஜாவைப் பார்த்தேன். அவள் புருவம் ஒரு மயிரிழை ஏறியது. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்தப் புருவத்தின் பாஷை எனக்கு அத்துப்படி.

“இல்ல சார்” என்றேன். “இன்னைக்கு எனக்கு விரதம்.”

“எனக்குந்தான்” என்றாள் சரோஜா.

புவனேஸ்வரி அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பாறைமேல் கிடந்த முட்டை ஓட்டுத் துணுக்கைப் பார்த்தார். “விரதத்துக்கு முட்டையோ?”

“அது உங்களுக்காகக் கொண்டாந்தது, அக்கா.”

“நாங்கள் ஞாயிற்றுக்கிழமை முட்டை சாப்பிடுறதில்லை.”

“அப்ப குரங்குக்குன்னு வச்சிக்குங்க” என்றேன். யோகாவுக்குக் கொடுத்த வாக்கு அங்கே உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை.

விரதக்காரர்களுக்கு முன்னால் தாங்கள் மட்டும் சாப்பிடுவது மரியாதை இல்லை என்று புவனேஸ்வரி அம்மா டப்பாவை மூடிக் கணவரின் பைக்குள் போட்டார். அதாவது நாங்கள் சொன்ன ஒரு பொய்க்கு நான்கு பேர் பட்டினி. பெண்கள் இருவரும் வேகமாக முன்னால் ஏறிப் போனார்கள். பேசிக்கொள்ளாமல், ஆனால் ஒருவரை ஒருவர் முந்தவும் விடாமல். கடைசியில் நானும் கனகசபையும் மட்டும்.

வேரின்மேல் ஒரு வழக்கு

அருவிக்கு மேலேதான் மலை தன் குணத்தைக் காட்டியது. கயிறு கட்டிய சரிவு. கயிற்றைப் பிடித்தால் சேறு, விட்டால் பாதாளம். பாதி ஏறியதும் என் காலணியின் பல்லில் எல்லாம் மண் அடைந்து, இரண்டு காலிலும் ஒவ்வொரு மண்சட்டியைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல ஆனது. முன்னால் கனகசபை ஆட்டுக்குட்டி மாதிரி போய்க்கொண்டிருந்தார்.

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வேர்வை, ஆனால் உடம்பு குளிர்ந்தது. காட்டின் சத்தமெல்லாம் பக்கத்து வீட்டு டிவி மாதிரி தூரத்தில் கேட்டது. ஒரு பெரிய வேரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன, மிஸ்டர் மாணிக்கம், களைச்சுப் போனீங்களோ?”

“இல்ல சார். வியூ பாக்கறேன்.”

எனக்கு எதிரே ஒரு மரத்தின் அடிமரம்தான் இருந்தது.

இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார். குரல் மாறியது. “உங்களுக்கு டயபடிஸோ?”

“லேசா.”

“மாத்திரை போட்டனீங்களோ?”

“காலையில.”

“விரதமெண்டு சொல்லிக்கொண்டு மாத்திரை போட்டனீங்களோ? உங்களுக்கு என்ன பைத்தியமே?”

பையைத் திறந்தார். டப்பாவைத் திறந்தார். வறுத்த பயத்தம்மாவும் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்த வாசம் வந்தது பாருங்கள், என் மூக்கு அந்தக் கணமே சம்மதம் சொல்லிவிட்டது. வாய்தான் வம்சத்தின் மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“வேணாம் சார்.”

“ஏன்?”

“நீங்க இன்னும் முடிவு சொல்லலியே.”

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். “ஓ. அந்தச் சட்டமோ” என்றார். எனக்குப் பக்கத்தில் அதே வேரில் உட்கார்ந்தார். “எங்கட வீட்டிலயும் அதுதான். வெளிக்கிடேக்கையே புவனா சொல்லிப்போட்டா, ஒரு வாய் வாங்கக்கூடாது எண்டு.”

“அப்ப இப்ப சொல்லிருங்க சார். சரியா, இல்லையா?”

அவர் தூரத்தில் எதையோ பார்த்தார். “என்ர பெரியண்ணர் கேட்டவர், தோட்டத்து ஆக்களோ எண்டு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பார்த்துச் சொல்லுறன் எண்டு சொன்னன்.”

ஆக, என்னைப் பார்ப்பதற்குத்தான் இந்த மலை. பழுதுபட்ட காரை மேட்டில் ஓட்டிப் பார்த்து வாங்குவது மாதிரி.  

“சார்” என்றேன். “உங்க கால்ல இருக்கே, அந்தச் சப்பாத்து, அது எங்கப்பாவோடது. அதப் போட்டுக்கிட்டுத்தான் அவரு தெனமும் மரம் வெட்டப் போனாரு. நான் அது வேணாம்னு ஓடிப் போயி இந்தக் கண்றாவிய வாங்கி மாட்டிக்கிட்டு வந்திருக்கேன். நீங்க அதையே போட்டுக்கிட்டு, நான் தோட்டத்து ஆளான்னு பாக்க வந்திருக்கீங்க. இங்க யாரு சார் தோட்டத்து ஆளு?”

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.  சிரிக்கவில்லை. யோகா சொன்னது சரிதான்.

“சரி, இன்னொண்ணு சொல்றேன்” என்றேன். “நான் இப்ப மயங்கி விழப் போறேன். எம்பத்தாறு கிலோ. இங்க ஃபோன்ல லைன் இல்ல. தூக்கிக்கிட்டு எறங்க வேண்டியது நீங்கதான். இல்லன்னா ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, சாப்பிட்டுக்கறேன்.”

“இது பிளாக்மெயில், மிஸ்டர் மாணிக்கம்.”

“ஆமா சார். பொண்ணப் பெத்தவன்கிட்ட வேற என்ன இருக்கு?”

கீழே எங்கோ அருவி இரைந்துகொண்டிருந்தது. ஒரு அட்டை என் விலை உயர்ந்த காலணியின்மேல் ஏறி, சாவகாசமாக உள்ளே இறங்க வழி தேடியது. அவர் அதை விரலால் சுண்டிவிட்டார்.

“உங்கட மகள் ஃபோன் எடுத்தா எங்கட வீட்டில சிரிப்புச் சத்தம் கேக்கும்” என்றார் மெதுவாக. “அரவிந்தன்ர அறையிலிருந்து. எங்கட வீட்டில அது பழக்கமில்லை. முதல் நாள் நானும் புவனாவும் கதவுக்கு வெளியில நிண்டு கேட்டனாங்கள். என்ன நடந்தது எண்டு பயந்துபோனம்.” டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். “அது நிண்டுபோனா வீடு எப்பிடி இருக்கும் எண்டு இந்த மூண்டு மாதமா யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். அண்ணரிட்ட நான் கதைக்கிறன். எனக்குச் சரி. சாப்பிடுங்கோ.”

“அவரு கல்யாணத்துக்கு வரலன்னா?”

“வராட்டி ஒரு இலை மிச்சம்.”

அது அவர் வாழ்க்கையில் அடித்த முதல் ஜோக் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார்.

நான் உருண்டையை எடுத்து முழுசாக வாய்க்குள் போட்டேன். அடுத்ததையும் போட்டேன். மாவு தொண்டையில் அடைத்து இருமினேன். அவர் தண்ணீர் கொடுத்தார். உலகம் மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்தது. பறவைகூடக் கத்தியது.

“நான் மட்டும் கொடுத்தாச் சரியில்லை” என்றார் அரசாங்கத்தில் இருந்தவர். “நானும் உங்கட சாப்பாட்டில ஏதாவது சாப்பிட வேணும். என்ன இருக்கு?”

“குரங்குகிட்டதான் கேக்கணும் சார்.”

இருந்தாலும் மரியாதைக்குச் சட்டைப்பையைத் துழாவினேன். கையில் ஏதோ தட்டுப்பட்டது. குளுக்கோஸ் மிட்டாய். திடீரென்று சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ள என்று யோகா என் ஒவ்வொரு சட்டையிலும் வைத்துவிடுவது.

கனகசபை மிட்டாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இதைப் பொக்கட்டில வைச்சுக்கொண்டுதானோ மயங்கப் போறன் எண்டு என்னை மிரட்டினனீங்கள்?”

“மறந்துட்டேன் சார்.”

சத்தியமாக மறந்துவிட்டேன். சரோஜா இன்றுவரை நம்பவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள்.

அவர் உறையைப் பிரித்தார். மிட்டாயை வாயில் போட்டு ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பிறகு என் அக்குளில் கையைக் கொடுத்து எழுப்பிவிட்டார்.

உச்சி

உச்சியில் காட்சி என்று ஒன்றும் இல்லை. மூடுபனி. நாலு பக்கமும் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி வெள்ளை. அந்த வெள்ளைக்கு முன்னால் பெயர்ப்பலகை ஒன்று. அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க ஒரு வரிசை.

விழுந்து கிடந்த மரத்தில் இந்தக் கோடியில் சரோஜா, அந்தக் கோடியில் புவனேஸ்வரி அம்மா. நடுவில் மூன்று பேர் உட்காரலாம். யோகாவும் அரவிந்தனும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் இருவரையும் பார்த்ததும் யோகா பேச்சை நிறுத்தினாள்.

சரோஜா எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஏங்க, மீசையில என்ன மாவு?”

நான் துடைத்தேன். தாமதமாகிவிட்டது.

“சாப்பிட்டுட்டீங்களா?” குரல் உயர்ந்தது. “சொல்லச் சொல்லச் சாப்பிட்டுட்டீங்களா? உங்க சித்தப்பா புத்தி...”

“நீங்கள் என்னத்தைச் சூப்பிறியள்?” என்றார் புவனேஸ்வரி அம்மா தன் கணவரின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து.

கனகசபையால் பேச முடியவில்லை. மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். கையில் இருந்த உறையைக் காட்டினார்.

யோகா அந்த உறையைப் பார்த்தாள். அதை வாங்கி வைப்பவள் அவள்தான். என் மிட்டாய் அவர் வாயில் எப்படி என்று ஒரு நொடி யோசித்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெயர்ப்பலகை வரிசையின் பக்கம் போய் நின்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க அரவிந்தன் ஓடினான். இரண்டும்தான் என்று பிறகு சொன்னான்.

சரோஜா அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப, முடிவாயிருச்சா?”

“முடிவாயிருச்சு.”

“அவரு வாயால சொன்னாரா?”

“சொன்னாரு.”

“அப்ப நகருங்க.”

என்னை ஒதுக்கிவிட்டுக் கனகசபையின் முன்னால் போய்க் கையை நீட்டினாள். “அண்ணே, அந்த டப்பாவக் கொடுங்க.”

வாங்கிக்கொண்டு போய் மரத்தின் நடுவில் உட்கார்ந்தாள். புவனேஸ்வரி அம்மா நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்தார். இரண்டு சம்பந்தியம்மாக்களும் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த பசியைத் தீர்க்க ஆரம்பித்தார்கள். மூடுபனி விலகிக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. இருவரும் தலை நிமிரவில்லை.

அரவிந்தன் யோகாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தான். டப்பாவை எட்டிப் பார்த்தான். “ஆன்டி, எங்களுக்கு?”

சரோஜா வாயில் இருந்ததை விழுங்கினாள்.

“உங்களுக்குப் பொண்ணே கொடுத்தாச்சு தம்பி. உருண்ட எங்களுக்கு.”